ஒரு இன்ஜின் செய்வது வேறு, ஆயிரம் செய்வது வேறு: சீனப் போர் விமான இன்ஜின்களின் கதை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலகத்துக்கே செல்போன் செய்து கொடுக்கிற சீனா, விண்வெளியில் சொந்தமாக நிலையம் கட்டிய சீனா, தன் போர் விமானங்களுக்கு மட்டும் ஏன் அத்தனை வருடம் ரஷ்யாவிடம் இன்ஜின் வாங்கிக்கொண்டிருந்தது, இப்போதாவது அந்தச் சிக்கல் தீர்ந்ததா என்று கேட்டிருந்தீர்கள்.

"டெக்னாலஜி இல்லை, அவ்வளவுதான்" என்று நிறையப் பேர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது சரியான பதில் இல்லை. சீனா சொந்தமாகச் செய்த டபிள்யூஎஸ்-10 என்கிற தைஹாங் இன்ஜினுக்கு 2005 கடைசியிலேயே வடிவமைப்புச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அதாவது சோதனை மேடையில் ஓடி, விமானத்தில் பறந்து, நிர்ணயித்த உந்துவிசையைக் கொடுத்துவிட்டது. ஆனால் ஒற்றை இன்ஜின் போர் விமானமான ஜே-10-ல் அதை நம்பி வரிசையாகப் பொருத்த ஆரம்பித்தது ஏறக்குறைய 2019-ல். நடுவில் பதினான்கு வருடம். அந்தப் பதினான்கு வருடத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

நான் கோவைப் பக்கம் மெழுகு வார்ப்புத் தொழிலில், அதிலும் தரக் கட்டுப்பாட்டில், இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். அதனால் இன்ஜினின் மற்ற பாகங்களைவிட, எரிந்த வாயுவின் வேகத்தில் சுழல்கிற இறக்கையான டர்பைன் பிளேடைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்லப்போகிறேன். சிக்கலின் பெரும்பங்கும் அங்கேதான் இருக்கிறது.

இன்றைய போர் விமான இன்ஜினில் எரியறையைவிட்டு வெளியே பாய்கிற வாயுவின் வெப்பம் 1,600 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த வாயுவுக்கு நேர் எதிரே நிற்கிற டர்பைன் பிளேடு நிக்கல் கலவையால் ஆனது, அந்த உலோகம் 1,300 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே போனாலே உருகத் தொடங்கிவிடும். தன்னை உருக்கக்கூடிய காற்றுக்குள் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் அது சுழல வேண்டும், விரல் நீளப் பிளேடு ஒவ்வொன்றையும் வேரோடு பிய்த்தெடுக்கப் பார்க்கிற விசை டன் கணக்கில் இருக்கும். எப்படித் தாங்குகிறது என்றால், பிளேடுக்குள்ளே வளைந்து வளைந்து போகிற வழிகள் உண்டு. முன்பகுதியில் காற்றை அழுத்துகிற கம்பிரசரிலிருந்து எடுத்த காற்று அதில் ஓடி, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய துளைகள் வழியாக வெளியே கசிந்து, பிளேடின் மேல் ஒரு மெல்லிய போர்வை மாதிரி படர்ந்து காக்கிறது. அதற்கு மேல் ஒரு செராமிக் பூச்சு.

இந்தப் பிளேடைச் செய்கிற முறையின் அடிப்படை நமக்கு ரொம்பப் பழக்கமானது. சுவாமிமலையில் ஸ்தபதிகள் நடராஜரை எப்படி வார்க்கிறார்களோ அதே மெழுகு வார்ப்புதான். மெழுகில் உருவம், அதைச் சுற்றிக் கூடு, சூடாக்கினால் மெழுகு வெளியேறும், அந்த இடத்தில் உலோகம். வித்தியாசம் என்னவென்றால் இங்கே மெழுகுக்குள்ளே, அந்தக் காற்று வழிகளின் வடிவத்தில், ஒரு செராமிக் கருவை முதலிலேயே வைத்துவிட வேண்டும். அப்புறம் வெற்றிட உலையில் உலோகத்தை ஊற்றி, அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் இறக்க வேண்டும். அடியில் பன்றி வால் மாதிரி சுருண்ட ஒரு குறுகிய பாதை இருக்கும். கீழே உருவாகிற பல படிகங்களில் ஒன்று மட்டும் அதன் வழியாக மேலே ஏறிவரும், அந்த ஒன்றே வளர்ந்து முழுப் பிளேடாக ஆகும். மொத்தப் பிளேடும் ஒற்றைப் படிகம். படிகங்களுக்கு இடையே எல்லைக்கோடு இருந்தால், அந்த வெப்பத்தில் விரிசல் அங்கேதான் தொடங்கும் என்பதால் எல்லைக்கோடே இல்லாமல் செய்துவிடுகிறார்கள். கடைசியில் உள்ளே இருக்கிற செராமிக் கருவைக் காரக் கரைசலில் கரைத்து எடுப்பார்கள்.

இதில் எது வேண்டுமானாலும் தவறலாம். கரு ஒரு மயிரிழை நகர்ந்தால் ஒரு பக்கச் சுவர் மெலிந்துவிடும். இறக்குகிற வேகம் கொஞ்சம் மாறினால் ஓரத்தில் இன்னொரு படிகம் முளைத்துவிடும். கலவை ஒரே சீராக உறையாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தேமல் மாதிரி ஒரு குறை விழும். படிகம் சாய்வாக வளர்ந்தால், கண்ணுக்கு அழகாக இருக்கிற பிளேடை எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

சரி, இப்போது ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மெழுகிலிருந்து கடைசிப் பூச்சு வரை பத்து முக்கியக் கட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தேறுகிறது என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்துக் கட்டமும் தாண்டி முழுசாக வெளியே வருவது நூற்றுக்கு அறுபது. ஒவ்வொரு கட்டத்திலும் தொண்ணூறுதான் தேறுகிறது என்றால் கடைசியில் மிஞ்சுவது முப்பத்தைந்து. இன்ஜினில் சக்கரத்தைச் சுற்றி நிற்கிற ஒரு வரிசைக்கு அறுபத்தைந்து பிளேடு, வருடத்துக்கு 200 இன்ஜின் என்றால் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் 13,000 நல்ல பிளேடு வேண்டும். அறுபது தேறினால் கிட்டத்தட்ட 22,000 வார்க்க வேண்டும், முப்பத்தைந்து தேறினால் 37,000. ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து சதவீத வித்தியாசம், முடிவில் இன்னொரு தொழிற்சாலையே கட்ட வேண்டிய அளவுக்குப் போகிறது. சோதனைக்கு நாலு இன்ஜின் செய்யும்போது இந்தக் கணக்கு உறைக்காது. ஆயிரம் வார்த்து அதில் நல்லதாக முந்நூறு பொறுக்கி நாலு இன்ஜினில் போட்டுவிடலாம், இன்ஜினும் பிரமாதமாக ஓடும்.

எங்கள் வார்ப்பாலையில் நாங்கள் செய்தது வெறும் வால்வு உடல்கள்தான், இந்தப் பிளேடோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அதிலேயே மழைக்காலம் வந்தால் ரிஜெக்ட் ஏறும். காரணம் தெரியாமல் கலவையை மாற்றினோம், உலை வெப்பத்தை மாற்றினோம், ஆளைக்கூட மாற்றினோம். கடைசியில் பார்த்தால் காற்றில் ஈரம் கூடியதால் செராமிக் கூட்டின் அடுக்குகள் சரியாகக் காயாமல் அடுத்த அடுக்குப் போட்டிருக்கிறார்கள். உலர்த்தும் அறையில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்திய பிறகுதான் சரியானது. எந்த வரைபடத்திலும் அது எழுதியிருக்கவில்லை. இன்ஜின் தொழிலில் இந்த மாதிரி விஷயம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது, அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் ஜெட் காலத்தின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டு கற்றார்கள்.

சீனாவுக்கே இது புதுசு இல்லை. அவர்களுடைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஒருவர் உண்டு, ஷி சாங்ஷு. அமெரிக்காவில் படித்துவிட்டு 1955-ல் நாடு திரும்பிய உலோகவியலாளர். 1960-ல் சோவியத் நிபுணர்கள் மொத்தமாக விலகிப் போய்விட்ட பிறகு, ஷென்யாங் உலோக ஆய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு, 1960களின் நடுவில், ஒன்பது துளைகள் கொண்ட உள்ளீடற்ற டர்பைன் பிளேடை வார்த்துக் காட்டினார். அன்றைக்கு அது மிகப் பெரிய சாதனை, 2010-ம் ஆண்டுக்கான சீனாவின் மிக உயர்ந்த அறிவியல் விருது அவருக்குத்தான் கிடைத்தது. ஆனால் நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1970களின் நடுவில் அந்தப் பிளேடின் உற்பத்தியை ஷென்யாங்கிலிருந்து தொலைதூரக் குய்சோவுக்கு மாற்றினார்கள். அதே வரைபடம், அதே உலோகம், ஏற்கெனவே வெற்றிகரமாக ஓடிக்கொண்டிருந்த பிளேடு. புதுத் தொழிற்சாலையில் தரம் சரியாக வரவில்லை. ஷி சாங்ஷுவே ஒரு குழுவோடு அங்கே போய், மாதக்கணக்கில் தங்கி, ஒவ்வொரு கட்டமாகத் தேடிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. கண்டுபிடித்தவரே நேரில் போய் நின்றால்தான் பிளேடு வருகிறது என்றால், வரைபடத்தைத் திருடிக்கொண்டு வந்தால் மட்டும் எப்படி வரும்?

காசு கொடுத்து முறைப்படி வாங்கினாலும் இதே கதைதான். 1975 டிசம்பரில் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ஸ்பே இன்ஜினுக்கு உரிமம் வாங்கினார்கள். ஆவணம், பயிற்சி எல்லாம் கிடைத்தது. 1980 வாக்கில் சில இன்ஜின்களைக் கூட்டி, சோதித்து, தேறியும்விட்டார்கள். ஆனால் டபிள்யூஎஸ்-9 என்ற பெயரில் அதை முழுக்க உள்நாட்டுப் பாகங்களோடு வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்தது 2000களின் தொடக்கத்தில்தான். நடுவில் ஜேஎச்-7 விமானங்களுக்குப் பிரிட்டனின் பழைய ஸ்பே இன்ஜின்களையே வாங்கிப் பொருத்தினார்கள். இன்னொரு பக்கம் டபிள்யூஎஸ்-6 என்று 1964-ல் தொடங்கிய சொந்த முயற்சி, 1980களின் தொடக்கத்தில் கைவிடப்பட்டது. அது பொருந்த வேண்டிய விமானத் திட்டங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோக, இன்ஜினும் கூடவே போனது. என்னைக் கேட்டால் சீனாவின் பெரிய தவறு இதுதான். விமானம் ஐந்தாறு வருடத்தில் வடிவமைத்துவிடலாம், இன்ஜினுக்கு இருபது வருடம் வேண்டும். அந்த இருபது வருட வேலையைப் போய் ஐந்து வருட வேலையின் வாலில் கட்டியிருந்தார்கள்.

தைஹாங்குக்கு வருவோம். 1980களில் தொடங்கிய திட்டம். அதே பத்தாண்டின் தொடக்கத்தில் சீனா வாங்கிய சிஎஃப்எம்56 பயணிகள் விமான இன்ஜினின் மையப் பகுதியை ஒட்டியே அதை வடிவமைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. அந்த மையப் பகுதிக்கு மூலம் அமெரிக்காவின் எஃப்101 குண்டுவீச்சு விமான இன்ஜின், எஃப்-16-ல் இருக்கிற எஃப்110-ம் அதே குடும்பம்தான் என்பதால் தேர்வு புத்திசாலித்தனமானது. 1989 தியானன்மென் சம்பவத்துக்குப் பிறகு மேற்கு நாடுகள் ஆயுதத் தடை போட்டதும் அந்தப் பக்கக் கதவு சாத்தப்பட்டது. சோவியத் யூனியன் உடைந்ததும் ரஷ்யா சு-27 போர் விமானத்தையும் அதன் ஏஎல்-31எஃப் இன்ஜினையும் விற்கத் தயாராக இருந்தது. ஷென்யாங்கில் சு-27-ஐ ஜே-11 என்ற பெயரில் பாகங்களைப் பொருத்திச் செய்ய ஆரம்பித்தார்கள், இன்ஜின் மட்டும் ரஷ்யாவிலிருந்து வந்தது. ஜே-10-க்கும் ரஷ்யாவின் ஏஎல்-31எஃப்என்தான்.

சான்றிதழ் வாங்கிய தைஹாங்கை வரிசையாகச் செய்ய ஆரம்பித்ததும்தான் எல்லாம் வெளியே வந்தது. அப்போது ஏவிக் என்ற அரசு விமான நிறுவனத்தின் தலைவராக இருந்த லின் சுவோமிங், 2009-ல், இன்ஜினின் தரம் திருப்தியாக இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ரஷ்ய இன்ஜின் 400 மணி நேரம் ஓடிய பிறகு புதுப்பிக்கப் போனால், தைஹாங் 30 மணி நேரத்திலேயே கழற்ற வேண்டியதாகிறது என்றுகூட 2010-ல் செய்தி வந்தது. ஒரு இன்ஜின் நன்றாக ஓடும், அடுத்தது ஓடாது என்கிற நிலை வந்தால் அதில் வடிவமைப்பைக் குறை சொல்லிப் பயனில்லை, தொழிற்சாலையைத்தான் பார்க்க வேண்டும். முதல் தொகுதி ஜே-11பி விமானங்கள் மறுபடியும் ரஷ்ய இன்ஜினோடுதான் போயின.

அதன் பிறகு அவர்கள் நடந்துகொண்ட விதத்தை நான் மதிக்கிறேன். தைஹாங்கை முதலில் ஜே-11பி மாதிரி இரட்டை இன்ஜின் விமானத்தில் பொருத்தினார்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்றில் விமானி தளத்துக்குத் திரும்பிவிடலாம். அப்படிப் பத்து வருடம் பறக்கவிட்டு, கழற்றி, விரிசல் எங்கே விழுகிறது என்று பார்த்து, தொழிற்சாலைக்குத் தகவல் கொண்டுபோய்ச் சேர்த்து, திருத்தி, மறுபடி பறக்கவிட்டார்கள். 2018 நவம்பரில் சூஹாய் விமானக் கண்காட்சியில் ஜே-10பி ஒன்று உந்துவிசையைத் திசை திருப்பும் முனை பொருத்திய தைஹாங்கோடு வானத்தில் வித்தை காட்டியது. அடுத்து ஜே-10சி-ல் வரிசையாக வந்தது. 2021 செப்டம்பரில் அதே சூஹாயில் ஜே-20 உள்நாட்டு இன்ஜினோடு பறந்து காட்டியது. ஒற்றை இன்ஜின் விமானத்துக்குள் தைஹாங் நுழைந்த தேதிதான் என்னைப் பொறுத்தவரை உண்மையான சான்றிதழ் தேதி, 2005 இல்லை.

பறக்கவிடுவது என்பதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போர் விமான இன்ஜின் படுகிற பாடு வேறு. பயணிகள் விமானத்தில் ஏறும்போது ஒரு முறை முழு வேகம், அப்புறம் மணிக்கணக்கில் ஒரே சீர். போர் விமானி ஒரு பயிற்சிப் பறப்பிலேயே பல முறை திராட்டிலை முன்னே தள்ளி, பின்னே இழுத்து, கூடுதல் எரிபொருளை எரித்து வேகம் கூட்டுகிற ஆப்டர்பர்னரைப் போட்டு, அணைத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு முறையும் உலோகம் சூடாகி விரிந்து, ஆறிச் சுருங்கும். அதனால்தான் அமெரிக்கர்கள் இந்த இன்ஜின்களின் ஆயுளை மணிக்கணக்கில் மட்டும் பார்க்காமல் சுழற்சிக் கணக்கிலும் பார்க்கிறார்கள். எஃப்100-229 இன்ஜினை இரண்டு பெரிய பராமரிப்புக்கு இடையே 4,300 சுழற்சியிலிருந்து 6,000 சுழற்சிக்குக் கொண்டுவந்தார்கள், அதாவது ஏழு வருடத்துக்கு ஒரு முறை பிரித்ததைப் பத்து வருடத்துக்கு ஒரு முறை பிரித்தால் போதும். இந்த எண், உற்பத்தியோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. பத்து வருடம் தாங்குகிற இன்ஜினுக்கு ஒரு தொழிற்சாலை போதும் என்றால், மூன்று வருடத்தில் தேய்கிற இன்ஜினுக்கு மூன்று வேண்டும். ஆயுள் குறைந்த இன்ஜினை வைத்துக்கொண்டு பெரிய விமானப்படை நடத்துவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவது மாதிரி.

பிளேடை விட்டால் அடுத்த பெரிய தலைவலி டர்பைன் தட்டு, பிளேடுகளெல்லாம் பொருந்தி நிற்கிற சக்கரம். உருகிய கலவையை ஆர்கான் வாயுவில் பீய்ச்சிப் பொடியாக்கி, சலித்து, அதிக அழுத்தத்தில் இறுக்கி, அடித்துச் செய்கிறார்கள். அந்தப் பொடியில் தலைமுடியைவிடச் சிறிய ஒரு செராமிக் துணுக்கு கலந்தாலும் பின்னால் அங்கே விரிசல் பிறக்கும். பிளேடு உடைந்தால் இன்ஜின் உறை தடுத்துவிடும், தட்டு உடைந்தால் எதுவும் தடுக்காது. இதில் அமெரிக்க இன்ஜின் நிறுவனமான பிராட் அண்ட் விட்னியே சறுக்கியிருக்கிறது: 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த பாகங்களின் உலோகப் பொடியில் அசுத்தம் இருந்தது தெரியவந்து, 2023 ஜூலையில் சுமார் 1,200 பயணிகள் விமான இன்ஜின்களைக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். இண்டிகோ விமானங்கள் வரிசையாகத் தரையில் நின்றதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஏறக்குறைய நூறு வருட அனுபவம் உள்ளவர்களுக்கே இப்படி.

ரீனியம் என்ற உலோகம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைப் படிகக் கலவையில் சில சதவீதம் இதைச் சேர்த்தால் வெப்பத்தில் பிளேடு நீளாமல் தாங்கும். உலகத்தில் மிக அரிதாகக் கிடைப்பது, பெரும்பகுதி சிலியில் செம்பு, மாலிப்டினம் சுத்திகரிக்கும்போது உபரியாக வருவது. சீனா தன் இரண்டாம் தலைமுறைக் கலவையான டிடி6-ல் ரீனியத்தைச் சுமார் இரண்டு சதவீதத்தில் நிறுத்திக்கொண்டது, அதே தலைமுறை மேற்கத்தியக் கலவைகளில் மூன்று இருக்கும். விலை குறையும், கிடைப்பதும் சுலபம். மொத்தமாகச் செய்ய நினைப்பவர்கள் எடுக்கிற முடிவு இது.

நிர்வாகத்திலும் ஒரு பெரிய மாற்றம் செய்தார்கள். 2016 ஆகஸ்டில், விமானம் செய்கிற ஏவிக்கிலிருந்து இன்ஜின் தொழிற்சாலைகளையும் ஆய்வு நிறுவனங்களையும் தனியே பிரித்து, ஏஇசிசி என்று ஒரே நிறுவனமாக்கினார்கள். 5,000 கோடி யுவான் முதலீடு, 96,000 ஊழியர்கள். விமானத் திட்டம் ரத்தானால் இன்ஜினும் சாகும் என்கிற பழைய நோய்க்கு இதுதான் மருந்து. நம் நாட்டின் காவேரி இன்ஜினை நினைத்துப் பார்க்கிறேன். 1980களில் தொடங்கியது, 2008-ல் தேஜஸிலிருந்து கழற்றிவிடப்பட்டது, உயரத்தில் எப்படி ஓடுகிறது என்று சோதிக்க ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சீனா அந்தச் சோதனைக்கூடத்தைச் சிச்சுவானில் சொந்தமாகக் கட்டிவைத்திருந்தது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை, இருபது வருடம் பொறுமையாகக் காசு போட மனம்தான் இல்லை.

தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கு 99 எஃப்404 இன்ஜின் வேண்டும் என்று 2021-ல் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டோம், முதல் இன்ஜின் வந்தது 2025 மார்ச்சில். ஐந்து வருடம் நின்றுபோயிருந்த உற்பத்தி வரிசையை மறுபடி எழுப்ப வேண்டியிருந்தது என்று ஜிஇ-யே சொன்னது. நாலாயிரத்துக்கு மேல் எஃப்404 செய்த கம்பெனிக்கே, கை விட்டுப்போன வேலையைத் திரும்பப் பிடிக்க அவ்வளவு காலம்.

சரி, சீனாவுக்குச் சிக்கல் தீர்ந்ததா? தைஹாங்கைப் பொறுத்தவரை தீர்ந்தது என்றே சொல்வேன். ஜே-10, ஜே-15, ஜே-16, ஜே-20 எல்லாம் அதில் பறக்கின்றன, ரஷ்யாவிடம் கையேந்தும் நிலை போய்விட்டது. ஆனால் ஜே-20-க்கு முதலிலிருந்தே நினைத்திருந்த இன்ஜின் தைஹாங் இல்லை, டபிள்யூஎஸ்-15. அதன் உந்துவிசை 18 டன் அளவு என்று சொல்லப்படுகிறது. 2023-ல் அந்த இன்ஜின் இரண்டைப் பொருத்திய ஜே-20 பறக்கும் படங்கள் வெளிவந்தன, வரிசை உற்பத்திக்குத் தயார் என்ற பேச்சும் அதே வருடம் வந்தது. அந்த இன்ஜினில் வெப்பம் இன்னும் அதிகம், பிளேடு இன்னும் சிக்கல். தைஹாங்கில் கற்ற பாடம் கையில் இருப்பதால் இந்த முறை பதினான்கு வருடம் ஆகாது என்று நினைக்கிறேன். ஆனாலும் படத்தையும் அறிவிப்பையும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். படைப்பிரிவுகளில் பறக்கிற இன்ஜின் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றப்பட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்பிப் போகிறது என்பதுதான் கணக்கு. அது தெரிய இன்னும் நாலைந்து வருடப் பறப்பு வேண்டும்.